ஆறு நாழி நெல்

மதகடிப்பட்டு குண்டாங்குழி மகாதேவர் கோயிலுக்கு நான் முதன்முதலில் போனது சாமி கும்பிட இல்லை. சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போன அப்பா திரும்பி வரும்வரை நிழலில் உட்கார்ந்திருக்கப் போனேன். செவ்வாய்க்கிழமை. மதகடிப்பட்டில் செவ்வாய் என்றால் சந்தை. சந்தை என்றால் மாடு. சாணமும் வைக்கோலும் பீடிப் புகையும் கலந்த அந்த வாடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆயிரம் வருஷத்துக் கருங்கல் குளிர்ந்து நிற்கிறது என்பது அன்று எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. சுவரில் எழுத்து இருந்தது. படிக்கத் தெரியவில்லை. முதுகைச் சாய்த்துக்கொள்ள வசதியாக இருந்தது. மடியில் தூக்குவாளி, அதில் பழைய சோறு. அதைக் காவல் காப்பதுதான் என் வேலை.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு, போன பங்குனியில் மறுபடி போனேன். எண்ணிப் போகவில்லை, ஆனால் அதுவும் செவ்வாயாகவே அமைந்தது. புதுச்சேரி–விழுப்புரம் சாலை இப்போது நான்கு வழிச் சாலை. லாரியும் கல்லூரிப் பேருந்தும் போட்டி போட்டுக்கொண்டு பறக்கின்றன. இறங்கியதும் கால் தானாகச் சந்தைப் பக்கம் திரும்பிற்று. தோளில் துண்டு போட்ட தரகர் ஒருவர் என் சட்டையையும் செருப்பையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“வாங்கவா சார், விக்கவா?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க.”

“சும்மா பாக்கறதுக்குத்தான் அங்க கோயிலு இருக்குதே சார்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. கோயிலுக்கே போனேன்.

முதலாம் இராஜராஜன் காலத்துக் (985–1014) கோயில். இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சின்னக் கோயில்தான், ஆனால் கண்ணை நகர விடாத கோயில். பழைய கற்கோயில்களைச் செப்பனிடுகிறவர்களின் முறையில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல் சரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பிரித்து, அதே வரிசையில் திரும்ப அடுக்குவார்கள். கல்லே காணாமல் போயிருந்தால் புதுக்கல் வைப்பார்கள். ஆனால் அதில் பூவேலை செய்ய மாட்டார்கள், மொட்டையாக விட்டுவிடுவார்கள். எது பழசு, எது நாம் வைத்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். நம் கும்பாபிஷேகக் கமிட்டிகளுக்கும் இந்த நேர்மை வாய்த்திருந்தால் எத்தனையோ கல்வெட்டுகள் மணல்வீச்சு எந்திரத்துக்குத் தப்பியிருக்கும்.

நான் வந்த காரணம் கோயிலும் இல்லை, மடம். நண்பர் ஒருவர் ஐரோப்பா போய்விட்டு வந்து, அங்கே புதுப்பித்து வைத்திருக்கும் பழைய துறவி மடங்களின் படங்களைக் கைபேசியில் தள்ளித் தள்ளிக் காட்டினார். நீளமான தாழ்வாரம், நடுவில் தோட்டம், துறவிகள் சாப்பிட்ட கூடம், புத்தகம் எழுதிய அறை. “நம்ம பக்கம் இப்படி எதுவும் இல்லியே” என்றார். இருந்தது என்றேன். எங்கே என்றார். மதகடிப்பட்டைச் சுற்றி என்றேன். சிரித்தார். மதகடிப்பட்டு என்றால் அவருக்கு மாடும் மருத்துவக் கல்லூரியும்தான்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மடத்துக்கு நம் மொழியில் இன்னொரு பழைய பேர் பள்ளி. மலைக்குகையில் துறவி படுப்பதற்குக் கல்லை இழைத்துப் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள். பள்ளி என்றால் படுக்கும் இடம். சமணரும் பௌத்தரும் தங்கிய இடமெல்லாம் அந்தப் பெயர் பெற்றன. அவர்களிடம் எழுத்துக் கற்கப் பிள்ளைகள் போனார்கள். துறவி போன பிறகும் பெயர் பிள்ளைகளிடமே நின்றுவிட்டது என்று சொல்வார்கள். ஆக, நாம் தினம் காலையில் பிள்ளைகளை மடத்துக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மதகடிப்பட்டைச் சுற்றி இருந்தவை துறவி மடங்கள் இல்லை. தங்கிப் படிக்கிற கல்விச்சாலைகள். தெற்கே பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒன்று நடந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அந்த வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களைக் கொடுத்துச் செப்பேடு எழுதினார்கள். வானிலிருந்து பொங்கி இறங்கிய கங்கையைச் சிவன் சடையில் தாங்கியது போல அந்த ஊர் கல்வியைத் தாங்கியது என்ற கருத்தில் ஒரு சுலோகம் அதில் வருகிறது. அந்தச் செப்பேடுகள் பிரெஞ்சு ஆட்சியில், 1879-இல் கண்டெடுக்கப்பட்டுப் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த சோழர் செப்பேடு லெய்டனுக்குக் கப்பலேறியது போலத்தான். செம்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். கோயில் சுவரைத் தூக்க முடியாது.

அப்படித் தூக்க முடியாத சுவர் ஒன்று பக்கத்து ஊரான திருபுவனையில் இருக்கிறது. தொழிற்பேட்டையும் நூற்பாலையும் தெரிந்த ஊர். வரதராஜப் பெருமாள் கோயிலைத் தெரிந்தவர்கள் குறைவு. முதலாம் இராஜாதிராஜனின் 30-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1048-இல், வெட்டிய கல்வெட்டு அங்கே உண்டு. 260 மாணவர், 12 ஆசிரியர். ரிக், யஜுர், சாமம் ஓதுவதற்கு. வேதாந்தம், வியாகரணம், பாரதம், இராமாயணம், மனு, வைகானசம் கற்பதற்கு. இதற்கென்று 72 வேலி நிலம். அன்றைய அளவுகோல் வேறு. இன்று வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலே. எப்படிப் பார்த்தாலும் நானூறு ஏக்கருக்குக் குறையாத நஞ்சை, இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் படிப்புக்காக.

விழுப்புரம் தாண்டி எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திரன் காலத்தில் இன்னும் பெரிய சாலை. 340 மாணவர், 14 ஆசிரியர், 45 வேலி நிலம். இந்தக் கல்வெட்டின் விவரத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆசிரியர் என்ன சொல்லிக் கொடுத்தார், மாணவன் என்ன கேள்வி கேட்டான், எந்த விளக்கத்துக்காக ராத்திரி விடிய விடிய சண்டை போட்டுக்கொண்டார்கள், ஒரு வரி கிடையாது. இருப்பதெல்லாம் நெல் கணக்கு. இளைய மாணவன் 270 பேர், தலைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி. மூத்த மாணவன் 70 பேர், தலைக்குக் குறுணி இரண்டு நாழி. ஆசிரியருக்கு இவ்வளவு. ஆண்டுக்கு மொத்தம் 10,506 கலம். கணக்குப்பிள்ளையின் சிட்டையைக் கல்லில் வெட்டி வைத்தாற்போல் இருந்தது. நண்பரின் படத்தில் இருந்த தாழ்வாரமும் தோட்டமும் எங்கே, இந்த நாழியும் குறுணியும் எங்கே!

எங்கள் வீட்டில் ஆயா நெல் அளப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டாள். ‘லாபம்’ என்பாள். பிறகுதான் இரண்டு, மூன்று. வாய்க்குள் எண்ணாமல் சத்தமாக எண்ணுவாள், எதிரில் நிற்பவனுக்குக் கேட்க வேண்டும் என்று. கடனுக்கு அளந்தால் தலை தட்டி அளப்பாள். கூலிக்கு வந்த ஆளுக்கு அளக்கும்போது கூம்பாகக் குவித்து, விழுகிற நெல்லையும் சேர்த்து அவர் முந்தியில் தள்ளுவாள். ஒரே மரக்கால்தான். ஆனால் அளக்கிற கை யாருக்கு அளக்கிறோம் என்று அறிந்துதான் அளந்தது.

அவள் நினைவு வந்த பிறகுதான் அந்தக் கணக்கை நான் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக 96 நாழி ஒரு கலம். 270 பிள்ளைகளுக்கு ஆறு ஆறு நாழி, 70 பேருக்குப் பத்துப் பத்து நாழி, வருஷம் 365 நாள். பெருக்கிப் பார்த்தால் 8,800 கலத்துக்கு மேல் வருகிறது. பத்தாயிரத்து ஐந்நூற்றில் எண்ணாயிரத்து எண்ணூறு! ஆசிரியர் சம்பளம் மீதியில்தான். அந்தச் சாலையின் செலவில் ஆறில் ஐந்து பங்கு படிக்க வந்தவனின் வயிற்றுக்குப் போனது. இன்றைக்கு எந்தக் கல்லூரியின் வரவு செலவைப் பார்த்தாலும் கட்டடம் முதலில் நிற்கும். எண்ணாயிரத்துக் கல்வெட்டில் முன்னால் நிற்பது பசி.

உலகம் முழுக்க இப்படித்தான் இருந்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், துறவிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் ரொட்டி என்று அளவு போட்டிருக்கிறார். நாலந்தாவில் சுவர்ணத்தீவின் அரசன் பாலபுத்திரன் கட்டிய விகாரைக்கு, வங்கத்துத் தேவபாலன் ஐந்து ஊர் கொடுத்துச் செப்பேடு தந்தான். அதுவும் பாகூர்ச் செப்பேட்டின் அதே ஒன்பதாம் நூற்றாண்டு. நாலந்தாவுக்கு ஐந்து, பாகூருக்கு மூன்று. நண்பரின் கைபேசியில் இருந்த அந்தத் தாழ்வாரங்களுக்கும் எங்கோ ஒரு ஓலை, ஒரு தோல், ஒரு கல் இருந்திருக்கும், எத்தனை மூட்டை கோதுமை என்று.

நம் ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 1067-ஆம் ஆண்டுடையது. அங்கே வேதம் படித்த பிள்ளைகளுக்கு விடுதி, கூடவே 15 படுக்கை உள்ள ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. பிள்ளைகள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு எண்ணெயையும் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இருந்தால் அம்மா தேய்த்துவிட்டிருப்பாள். இங்கே வந்துவிட்டான், ராஜ்ஜியம் தேய்த்துவிட வேண்டும். அந்த வரியைப் படித்தபோது என் உச்சந்தலை குளிர்ந்தது. சிட்டை என்று நான் ஒதுக்கியது சிட்டை இல்லை என்று அங்கேதான் உறைத்தது. யாரோ ஒருவன் உட்கார்ந்து, வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு என்னென்ன வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறான்.

இப்படிச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் அவன் நினைக்கவில்லை. வேதம் ஓத வந்தவர்கள் அந்தணர் வீட்டுப் பிள்ளைகள். 72 வேலியில் நாற்று நட்ட பெண்ணின் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. எந்த மாணவனுக்கு எத்தனை நாழி என்று எழுதிய கல், அந்த நெல்லை விளைவித்தவரில் ஒருவர் பேரையும் சொல்லவில்லை. திருபுவனையில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கலம் அளந்து கொட்டிய கைகளுக்கும் அந்த ஊர்க் கல்லில் ஒரு எழுத்துகூட இல்லை. சோழர் காலத்துக் கல்விப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுவார்கள். குறை சொல்கிறவர்களோ இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. எங்கள் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஏர் பிடிக்கத் தெரியும். அந்தக் கல்வெட்டில் எங்கள் வம்சம் இருந்திருந்தால் நெல்லாகத்தான் இருந்திருக்கும்.

திருபுவனைக் கல்வெட்டில் எனக்கு மறக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தச் சாலையில் படிக்கிறவர்களும் படிப்பிக்கிறவர்களும் ஊர் வாரியங்களில் வேலை பார்க்க வேண்டாம் என்று சபை முடிவு செய்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆண்டுதோறும் ஆள் எடுத்து ஊர் வேலை நடந்த காலம் அது. ஏரிக்கரை உடைந்தால் எல்லாரும் ஓட வேண்டும். ‘நீ ஓட வேண்டாம், நீ படி, கரையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஊர் சொல்கிறது.

கோயில் நிழலில் உட்கார்ந்து அதைத்தான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மதகடிப்பட்டு என்ற பேரைப் பிரித்தால் மதகு, அடி, பட்டு. ஏரித் தண்ணீர் மதகின் வழியாக இறங்குகிற இடத்தில் அமைந்த ஊர். தண்ணீர் நெல்லாகிறது, நெல் நாழியாகிறது, நாழி ஒருவனுக்கு ஒரு நாளாகிறது. ஒருவன் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நாளையும் வேறு யாரோ வெயிலில் நின்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். படிப்பு என்று நாம் சொல்வது மூளையில் தொடங்குவதில்லை. ‘இவன் இன்றைக்கு வேலைக்கு வர வேண்டாம்’ என்று ஒருவர் சொல்வதில் தொடங்குகிறது. அப்படிச் சொன்னவர் அன்றைக்கு இரண்டு ஆள் வேலை செய்கிறார். அரசன் கொடுத்தான், சபை கொடுத்தது என்று கல் சொல்லலாம். கொடுத்தது அந்த இரண்டாவது ஆள்.

யாருக்கு அளப்பது என்பதுதான் ஆயிரம் வருஷமாக நடக்கிற சண்டை. இந்தப் புதுச்சேரி மண்ணில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே, 1930-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு தொடங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் காமராஜர் 1956-இல் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். இரண்டு இடத்திலும் தட்டை நீட்டியவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. மதகடிப்பட்டை ஒட்டிய கலிதீர்த்தாள்குப்பத்தில் இன்று ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அதற்குப் பெருந்தலைவர் காமராஜர் பேர். எத்தனையோ பேர் வைத்திருக்கலாம். பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் பேரை வைத்திருக்கிறார்கள். திருபுவனைச் சாலைக்குப் போகிற வழியில் அது இருப்பது யாரும் திட்டமிட்டதில்லை.

நான் படித்தது வேறு ஊரில், ஒரு கல்லூரியில். விடுதியில் சேர முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அதில் சாப்பாட்டுக் கட்டணம் தனியாக, தடித்த எழுத்தில் இருந்தது. அப்பா அந்தத் தாளை யாரிடமும் படிக்கச் சொல்லவில்லை. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். “மூணு வேளயும் போடுவாங்களா?” ஆமாம் என்றேன். செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடுவார். உள்ளே விரல் விரலைப் பிடிக்கும். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை நூறு, விரலை மடக்கினால் அதில் பாதி. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். நான் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அப்பாவின் கை துண்டுக்குள் இருந்தது. தரகர் தலையை ஆட்டினார். அப்பா கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். தரகர் பின்னாலேயே வந்து மறுபடி துண்டைப் போட்டார். மாடு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு அசை போட்டது. கறவை நின்ற மாடு இல்லை. இரண்டாம் ஈத்து. அம்மா அதற்கு லட்சுமி என்று பேர் வைத்திருந்தாள், எல்லா வீட்டு மாட்டுக்கும் வைக்கிற மாதிரி.

“நீ போயி கோயிலாண்ட உக்காரு. சோத்துவாளிய எடுத்துக்கிட்டுப் போ” என்றார் அப்பா. நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு வந்தார். தோளில் மூக்கணாங்கயிறு. மாட்டை விற்றாலும் எங்கள் பக்கம் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்கியவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். கயிற்றைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தார். இடுப்பில் பணம் முடிந்திருந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எழுத்து வெட்டியிருந்த அந்தச் சுவரில் என்னைப் போலவே முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

தூக்குவாளியைத் திறந்தேன். சோற்றைப் பிழிந்து வாளியின் மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். வாளியில் மிச்சமிருந்த நீச்சத்தண்ணியில் ஒரு கல் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்தார்.

“நீ சாப்புடுப்பா. எனக்குச் சந்தையில டீ ஆச்சு.”